ஒன்றரை மீட்டருக்குள் எத்தனை சண்டை! – வாசகர் கேள்வி பதில்

சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் நடுவே நடக்கும் தகராறு பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்தும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கார் ஓட்டுகிறவர்கள் எழுதியதும் இருக்கிறது, சைக்கிள் மிதிக்கிறவர்கள் எழுதியதும் இருக்கிறது. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் கொடுக்கிறோம்.

கேள்வி (வெருலம்): ஐயா, ஆர்102 சாலையில் தினமும் டொங்காட் வரை காரில் போய் வருகிறேன். சாலையோர மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கம் அவ்வளவு இடம் கிடக்கும்போது சைக்கிள்காரர்கள் ஏன் கோட்டுக்கு உள்ளே வந்து ஓட்டுகிறார்கள்? நான் என் தடத்தை விட்டு நகராமல் ஒதுங்கித்தான் தாண்டுகிறேன். அப்படியும் கையை ஆட்டிக் கத்துகிறார்கள்.

பதில்: கத்துவது ஏன் என்பதை முதலில் அளந்து பார்த்துவிடலாம். நம் சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் ஏறத்தாழ 3.5 மீட்டர். சைக்கிள்காரர் மஞ்சள் கோட்டிலிருந்து 70 சென்டிமீட்டர் உள்ளே சக்கரத்தை வைத்து ஓட்டினால், அவருடைய வலக் கைப்பிடியின் முனை 1 மீட்டரில் இருக்கும். மீதி 2.5 மீட்டர். கண்ணாடிகளையும் சேர்த்தால் ஒரு பக்கியின், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள சிறு வண்டியின், அகலம் சுமார் 2.1 மீட்டர். (பக்கி என்று ஊரில் யாரையாவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இங்கே அதை வாங்கத் தவணை கட்டுகிறோம்.) உங்கள் வலக் கண்ணாடி நடுக்கோட்டை உரசும்படி ஓட்டினாலும் அவருக்குக் கிடைப்பது 40 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம்கூட இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை முழங்கை ஓரமாகப் போவதை நீங்கள் 'ஒதுங்கிப் போனேன்' என்கிறீர்கள். அவர் 'கொல்லப் பார்த்தான்' என்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

சைக்கிள் ஓட்டும் சங்கங்கள் கேட்பது ஒன்றரை மீட்டர் இடைவெளி. அந்தக் கணக்குக்கு 1 + 1.5 + 2.1 சேர்ந்து 4.6 மீட்டர் வேண்டும். ஆகவே நீங்கள் எதிர்த் தடத்துக்குள் 1.1 மீட்டர் போயே ஆக வேண்டும். ஒரு லாரியைத் தாண்டுவதற்கு எப்படி எதிர்ப்புறம் பார்ப்பீர்களோ, அப்படியே சைக்கிளுக்கும் பார்க்க வேண்டும். 'சைக்கிள்தானே, இதே தடத்தில் நுழைந்துவிடலாம்' என்ற நினைப்பில்தான் பாதித் தகராறு தொடங்குகிறது. எதிரே வண்டி வந்தாலோ, நடுவில் தொடர்கோடு இருந்தாலோ பின்னால் நில்லுங்கள். அதனால் என்ன நஷ்டம்? 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 300 மீட்டர் போக 43 நொடி ஆகும். 80-இல் போயிருந்தால் 13 அல்லது 14 நொடி. வித்தியாசம் அரை நிமிடம். அடுத்த ரோபாட்டில் (சிக்னல் விளக்கில்) சிவப்பு விழுந்தால் அதுவும் கணக்கில் இல்லாமல் போய்விடும்.

இனி மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கம். காரின் கண்ணாடி வழியே பார்த்தால் அது சும்மா கிடக்கும் இடம். 25 அல்லது 28 மில்லிமீட்டர் டயரில் ஓட்டுகிறவர் அங்கே பார்ப்பது வேறு: உடைந்த பாட்டில், லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பி இழைகள் (ட்யூபைத் துளைப்பதில் இவற்றுக்கு இணை இல்லை), லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டு, மழை அடித்துக்கொண்டு வந்த மணல், சக்கரம் இறங்கும்படி நீளவாக்கில் கம்பி வைத்த சாக்கடை மூடி. பாலம் வந்தால் அந்த இடமே மறைந்துவிடும். அங்கே ஓட்டிக்கொண்டு வந்து பாலத்தருகே சட்டென்று வெளியே வருவதைவிட, முதலிலிருந்தே ஒரே நேர்கோட்டில் கோட்டுக்கு உள்ளே ஓட்டுவது உங்களுக்கும் நல்லது. அவர் எங்கே இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். சட்டப்படியும் அது சைக்கிள் தடம் அல்ல. சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பகுதி இருந்தால்தான் அதில் ஓட்டியாக வேண்டும் என்று விதி சொல்கிறது.

ஆனால் ஓரம் அகலமாக, சுத்தமாக, கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்தும் ஒருவர் தடத்தின் நடுவே மிதித்தால் உங்கள் எரிச்சலில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை ஹூட்டரால் (ஹாரனால்) சொல்ல வேண்டாம். ஹூட்டர் பற்றிக் கடைசிக் கேள்வியில் வருகிறது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அமாஷோவா சைக்கிள் பந்தயத்துக்காகப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஞாயிறு காலையில் பயிற்சி செய்கிறோம். இரண்டிரண்டு பேராக ஓட்டினால் வரிசை பாதியாகக் குறையும், கார்களுக்கும் தாண்டுவது எளிது என்கிறோம். காரோட்டிகள் ஒப்புக்கொள்வதில்லை. யார் பக்கம் சட்டம்?

பதில்: காரோட்டிகள் பக்கம். தேசிய சாலைப் போக்குவரத்து விதிகளில் 311-ஆம் விதி சைக்கிள்காரர்கள் ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும் என்கிறது. இன்னொரு சைக்கிளைத் தாண்டும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டுமே விலக்கு. வேறு வண்டியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தாண்டுவதும் கூடாது. ஓடும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போவது, வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் வளைத்து ஓட்டுவது, இரண்டு கையையும் விடுவது எல்லாம் அதே விதியில் தடை. இங்கிலாந்தில் ஜோடியாக ஓட்டலாம் என்று அங்கிருந்து வரும் உறவுக்காரர் சொல்வார். அவர் சொல்வது சரிதான், ஆனால் அது அந்த ஊர்ச் சட்டம்.

உங்கள் கணக்கில் ஓர் உண்மை இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஒற்றை வரிசையில் போனால், ஆளுக்கு சைக்கிள் நீளமும் இடைவெளியுமாக 3.5 மீட்டர் வைத்தால், 42 மீட்டர். இதைத் தாண்ட 80-இல் வரும் காருக்கு, முன்னும் பின்னும் 15 மீட்டர் விட்டுக்கொண்டால் 5 நொடி ஆகும். அதற்குள் அது 110 மீட்டர் ஓடிவிடும். எதிரே இன்னொரு கார் அதே வேகத்தில் வந்தால் 220 மீட்டருக்குச் சாலை காலியாக இருக்க வேண்டும். நம் மலைப்பாதை வளைவுகளில் அது எங்கே கிடைக்கும்? ஆகவே ஜோடி சேராமல் கூட்டத்தை உடையுங்கள். நாலு நாலு பேராக மூன்று குழு, குழுக்களுக்கு நடுவே ஒரு கார் நிம்மதியாக நுழைந்து நிற்கும்படி 60 அல்லது 70 மீட்டர். நால்வரைத் தாண்ட 3 நொடி சொச்சம், 140 மீட்டர் காலியாக இருந்தால் போதும். குழுவின் கடைசி ஆள் 'பின்னால் கார்' என்று குரல் கொடுப்பதும், முன்னவர் குழியைக் கைகாட்டுவதும் வழக்கமாக வேண்டும். பந்தய நாளில் சாலைக்குச் செய்யும் ஏற்பாடு வேறு. அதைப் பயிற்சி நாளுக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி (ஸ்டேங்கர்): மகன் வேலைக்குச் சைக்கிளில் போகிறான். கரும்பு லாரி ஓடும் சாலை. வேண்டாம் என்றால் கேட்பதில்லை. குறைந்தது என்ன சொல்லி அனுப்பட்டும்?

பதில்: மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள், அம்மா.

முதலாவது, ரோபாட்டில் லாரியின் இடப்பக்கம் போய் நிற்கவே கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நீண்ட லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் அகலமாகப் போகும், பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரம் மூலையை ஒட்டி உள்ளே வெட்டும். ஓரமாக நின்றவனுக்கு அப்போது நடைபாதைக் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடம் இருக்காது. லாரி முதலில் வலப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்து 'நமக்கு வழி விடுகிறான்' என்று நினைப்பார்கள். உண்மையில் அது இடப்பக்கம் திரும்பத் தயாராகிறது. டிரைவருக்கு கதவை ஒட்டிய இடப்பக்கம், லாரி முகப்புக்கு நேர் முன்னால், டிரெய்லருக்குப் பின்னால் என்று மூன்று இடங்கள் தெரியா. லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்கள் மகனுக்குத் தெரியாவிட்டால், டிரைவருக்கும் அவனைத் தெரியாது. பின்னால் நிற்கட்டும்.

இரண்டாவது, காற்று. வேகமாக வரும் லாரி தாண்டும்போது முதலில் வெளியே தள்ளும், உடல் தாண்டிய பிறகு உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அந்த உதறல் அப்படியே சக்கரத்துக்குப் போகும். முழங்கையை இளக்கி, உடம்பைச் சற்றுத் தாழ்த்தி, ஓட்டிய கோட்டிலேயே போக வேண்டும்.

மூன்றாவது, வெளிச்சம். கரும்பு வெட்டும் காலம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. அதன் நடுவில் குளிர்காலம் வருகிறது. ஜூனில் மாலை 5 மணி சொச்சத்துக்கே சூரியன் இறங்கிவிடும், 5.30-க்கு இருட்டு. வேலை விட்டு வரும் நேரம் அதுதான். பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு: ஒன்று விட்டுவிட்டு எரிவது, கண்ணில் படுவதற்கு, மற்றொன்று நிலையாக எரிவது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பின்னால் வருகிறவர் கணிப்பதற்கு. ஒளி திருப்பும் பட்டையை முதுகில் போடுவதைவிடக் கணுக்காலில் கட்டுவது மேல். மிதிக்கும்போது அது மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்ததுமே சைக்கிள் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): போன மாதம் ஒரு பக்கிக்காரர் என்னை ஓரங்கட்டி நிறுத்தி, வீல் ஸ்பேனரோடு இறங்கி வந்தார். ஆள்கள் கூடியதால் தப்பித்தேன். மறுபடி நேர்ந்தால் என்ன செய்வது? போலீஸில் என்னவென்று சொல்வது?

பதில்: அவர் இறங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை அதிகம். நெருக்கித் தாண்டிய வண்டியின் முதுகில் தட்டாதீர்கள், விரலைக் காட்டாதீர்கள், அடுத்த ரோபாட்டில் விரட்டிப் பிடித்துக் கண்ணாடியைத் தட்டிப் பாடம் நடத்தாதீர்கள். சைக்கிள்காரரின் ரத்தம் அப்போது மிதித்த சூட்டில் இருக்கும், பயம் கோபமாக மாறியிருக்கும். காருக்குள் இருப்பவரோ தன் வண்டியைத் தொட்டாலே தன்னைத் தொட்டதாக நினைப்பார். இந்த நாட்டில் சீட்டுக்கடியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டி முன்னால் குறுக்கே நின்றுவிட்டால் அதன் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்காதீர்கள், கதவு அங்கேதான் திறக்கும். வந்த திசையிலேயே, நடைபாதையில் ஏறி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ ஓட்டிக்கொண்டோ திரும்பிப் போங்கள். பின்னால் போக்குவரத்து இருக்கும்போது பக்கியால் சட்டென்று திரும்ப முடியாது. ஒளிய வேண்டிய இடம் சந்து அல்ல, பெட்ரோல் கராஜ் (பெட்ரோல் பங்க்). அங்கே வெளிச்சமும் கேமராவும் ஆளும் இருக்கும். வீட்டுக்கு நேராகப் போகாதீர்கள், வீட்டைக் காட்டிக் கொடுத்ததாகும். தப்பிக்க வழியே இல்லாமல் எதிரில் வந்துவிட்டால் சைக்கிளை உங்களுக்கும் அவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு, கைகளை விரித்துத் தாழக் காட்டி, 'சரி அண்ணே, தப்பு என்னுதே, போய்ட்டு வாங்க' என்று சொல்லிவிடுங்கள். அந்த நிமிடத்தில் மானம் பெரிதில்லை.

போலீஸை 10111 எண்ணில் கூப்பிடலாம். கைபேசியிலிருந்து 112 எண்ணும் வேலை செய்யும். ஆபத்து தீர்ந்த கையோடு, மறப்பதற்குள், வண்டி எண், வண்டியின் நிறம், தயாரிப்பு, இடம், மணி, ஓட்டியவர் அடையாளம், பார்த்தவர்களின் போன் எண் ஆகியவற்றைப் பேசியே போனில் பதிவு செய்யுங்கள். எண் பாதிதான் நினைவிருந்தால் பாதியை மட்டும் சொல்லுங்கள், மீதியைக் கற்பனை செய்யாதீர்கள்.

நிலையத்தில் 'ரோட்டில் தகராறு' என்று பொதுவாகச் சொன்னால் குறிப்பேட்டில் ஒரு வரியோடு முடிந்துவிடும். நடந்ததைச் செயல் செயலாகச் சொல்லுங்கள். ஸ்பேனரை ஓங்கி வந்தது தாக்குதல். கை படாவிட்டாலும் அடிக்கப் போகிறார் என்ற பயத்தை உண்டாக்கினாலே போதும். பலத்த காயம் உண்டாக்கும் நோக்கத்தோடு என்றால் அது அதைவிடக் கடுமையான குற்றம். வண்டியை வைத்து வேண்டுமென்றே இடித்தால் கொலை முயற்சி வரை போகும். சைக்கிளை உடைத்தால் சொத்துக்கு வேண்டுமென்று சேதம் விளைவித்த குற்றம். இனத்தைச் சொல்லித் திட்டினால், மானத்தைக் கடுமையாகப் புண்படுத்தும் க்ரைமென் இன்ஜூரியா என்ற தனிக் குற்றம் நம் சட்டத்தில் இருக்கிறது. துப்பாக்கியை நீட்டினால், அதில் குண்டு இல்லாவிட்டாலும், 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றமே. ஓட்டிய விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள்: 1996-ஆம் ஆண்டு தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் 63-ஆம் பிரிவில் பொறுப்பற்ற, கவனக்குறைவான ஓட்டத்தைக் குற்றமாக்குகிறது. சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் கொடுத்து, வழக்கு எண்ணைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த வாரம் போய் விசாரிக்க ஒன்றும் இருக்காது.

அதே ஆள் தினமும் அதே சாலையில் காத்திருந்து விரட்டுகிறார் என்றால் வேறு வழியும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டப்படி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலேயே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெயர் தெரியாது, வண்டி எண்தான் தெரியும் என்றாலும், ஆளைக் கண்டுபிடிக்கும்படி போலீஸுக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

கேள்வி (டொங்காட்): பின்னால் வேகமாக வருகிறவருக்கு வழிவிட நான் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரம் போவேன், அவர் விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார். நல்ல பழக்கம்தானே? இதிலும் சைக்கிள்காரர்கள் குறை சொல்கிறார்கள்.

பதில்: இந்த நாட்டின் நல்ல பழக்கங்களில் அது ஒன்று, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு வரம்பு இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், 150 மீட்டர் தூரத்து ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியும்போது, இருவழிச் சாலையில், யாருக்கும் ஆபத்து இல்லாமல் மட்டுமே அந்த ஓரத்தில் ஓட்டலாம் என்பது விதி. கருக்கல் நேரத்திலும் பனிமூட்டத்திலும் வளைவிலும் மேட்டு முகட்டிலும் கூடாது. கண் முழுக்கப் பின்கண்ணாடியில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒட்டி வரும் பி.எம்.டபிள்யூவுக்கு மரியாதை செய்யும் அவசரத்தில் இடப்பக்கம் ஒதுங்குகிறோம். அந்த ஓரத்தில்தான் சைக்கிள்காரரும், வேலைக்கு நடந்து போகிறவரும், பள்ளிப் பிள்ளையும் இருக்கிறார்கள். ஒதுங்குவதற்கு முன் முன்னால் பாருங்கள். பின்னால் இருப்பவர் எவ்வளவு விளக்கடித்தாலும் சரி, உங்களுக்கு அந்தக் கடமை இல்லை. நிதானமாக ஓட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஹிகின்சன் ஹைவேயில் கொம்பி டாக்ஸிகளுக்கு (பலர் ஏறும் வேன் டாக்ஸிகளுக்கு) பயந்தே சைக்கிளை விட்டுவிட்டேன். சமாளிக்க வழி உண்டா?

பதில்: கொம்பி எங்கே நிற்கும் என்பதை அதன் விளக்கு சொல்லாது, ஓரத்தில் நிற்கும் ஆள் சொல்வார். 50 மீட்டர் முன்னால் யாராவது கையை உயர்த்தி நிற்கிறாரா, பையைத் தூக்குகிறாரா, கொம்பிக்குள் ஒரு தலை கதவுப் பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். அடுத்த நொடியில் அது உங்கள் முன் வெட்டி ஓரம் வரும். அப்போது செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: கொம்பிக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைவது. அதன் இழுகதவு இடப்பக்கம், ஆள்கள் பார்க்காமல் குதிப்பார்கள். பின்னால் நின்று காத்திருங்கள், அல்லது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கை காட்டி, வலப்பக்கமாகச் சுற்றுங்கள்.

நிறுத்தி வைத்த கார்களை ஒட்டி ஓட்டும்போதும் கதவு அகலம், அதாவது ஒரு மீட்டருக்குக் குறையாமல், விலகியே போக வேண்டும். காரோட்டிகளுக்கு ஒரு சிறு பழக்கம்: கதவை வலக் கையால் திறக்காமல் இடக் கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகவே வலப்பக்கம் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

கேள்வி (லெனேசியா): கார் இடித்து மணிக்கட்டு உடைந்தது. ஓட்டியவர் சைக்கிளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தானே தருகிறேன், போலீஸ் வேண்டாம் என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. சாலை விபத்து நிதியில் கேட்க முடியுமா?

பதில்: முடியும், காலம் கடத்தாதீர்கள். போலீஸ் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. ஆளுக்குக் காயம் என்றால் வண்டியை நிறுத்தி, உதவி செய்து, பெயர் முகவரி கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் இப்போதாவது போய்ப் பதிவு செய்யுங்கள். தாமதம் ஏன் என்பதையும் உள்ளபடியே எழுதுங்கள்.

நாம் போடும் பெட்ரோல் ஒவ்வொரு லிட்டரிலும் பிடிக்கும் வரியில் நடப்பது அந்த நிதி. 1996-ஆம் ஆண்டு 56-ஆம் எண் சட்டத்தில் வருகிறது. மோட்டார் வண்டியால் வந்த உடல் காயத்துக்கு மட்டுமே பணம் தரும். சைக்கிளுக்கும் போனுக்கும் ஒரு ரேண்ட் கூடக் கிடைக்காது. அவற்றை ஓட்டியவரிடம்தான் கேட்க வேண்டும். இடித்த வண்டி எது என்று தெரிந்தால் மூன்று ஆண்டுக்குள் மனு போக வேண்டும். இடித்துவிட்டு ஓடிப்போய், வண்டியும் தெரியாது ஆளும் தெரியாது என்றால் இரண்டே ஆண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் கோட்டை விட்டவர்கள் பலர்.

மனுவுக்கு வேண்டியது ஆர்.ஏ.எஃப். 1 என்ற படிவம். அதிலுள்ள மருத்துவப் பகுதியை உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நிரப்ப வேண்டும். கூடவே விபத்து எப்படி நடந்தது என்று சத்தியப் பிரமாணம், அடையாள அட்டை நகல், போலீஸ் வழக்கு எண், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், ரசீதுகள், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளச் சீட்டு. வலிக்கும் வேதனைக்கும் தனியாக நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் காயம் 'கடுமையானது' என்று டாக்டர் ஆர்.ஏ.எஃப். 4 படிவத்தில் எழுத வேண்டும். நன்றாகக் கூடிவிட்ட மணிக்கட்டுக்கு அது கிடைப்பது கடினம். வைத்தியச் செலவும் இழந்த வருமானமும் கிடைக்கலாம். உங்கள் பக்கமும் தவறு இருந்தால், இருட்டில் விளக்கில்லாமல் போனது போல, அந்த விகிதத்துக்குக் குறைப்பார்கள்.

நேரடியாக மனு செய்யக் கட்டணம் கிடையாது. ஜெயித்தால் மட்டும் பணம் என்று வக்கீல் வைத்தால், அவர் எடுக்கும் தொகை வழக்கமான கட்டணத்தின் இரண்டு மடங்கு, அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து கையெழுத்துக் கேட்கிறவரிடம் இதை முதலில் சொல்லிப் பாருங்கள்.

யாரும் இடிக்காமல் குழியில் விழுந்திருந்தால் கதையே வேறு. நகராட்சி பராமரிக்கும் சாலை என்றால் அது நகராட்சியின் பொறுப்பு. ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி (டர்பன்): ரோபாட்டில் நின்ற என் காரின் பக்கக் கண்ணாடியை ஒரு சைக்கிள்காரர் அடித்து உடைத்துவிட்டுப் போனார். ஆளைத் தெரியும். வக்கீல் செலவு கண்ணாடியைவிட அதிகமாகுமே?

பதில்: சிறு கோரிக்கை நீதிமன்றம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், வக்கீலை உள்ளேயே விடமாட்டார்கள். முதலில் எழுத்து மூலம் கேட்டு 14 நாள் அவகாசம் கொடுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வையுங்கள். தராவிட்டால் நீதிமன்ற எழுத்தரிடம் போய் சம்மன் வாங்குங்கள். பழுது பார்க்க இரண்டு மதிப்பீடு, படங்கள், சாட்சி எடுத்துப் போங்கள். மூன்று ஆண்டில் உரிமை காலாவதியாகிவிடும். கோபத்தில் தட்டியதாகச் சொன்னாலும் அது குற்றமே, போலீஸிலும் பதியலாம். 'அவர் என்னை நெருக்கினார்' என்று அவர் பக்கத்திலிருந்து ஒரு கதை வரும், அதற்கும் தயாராகப் போங்கள்.

கேள்வி (மவுண்ட் எட்ஜ்கோம்ப்): ஹெல்மெட்டில் கேமரா வைத்திருக்கிறேன். நெருக்கி ஓட்டியவர்களின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: பொதுச் சாலையில் படம் எடுக்கலாம். போடுவதில்தான் வில்லங்கம். 'கொலைகாரன்' என்று தலைப்பு வைத்து முகத்தையும் எண்ணையும் பரப்பினால் அவர் அவதூறு வழக்குப் போடலாம். அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியது அவர் தம்பியாகவும் இருக்கலாம். படத்தைப் போலீஸுக்குக் கொடுங்கள். கேமராவின் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தப்பான மணி காட்டும் படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் கிழித்துவிடுவார். மெமரி அட்டை நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதும் வகை அவை, ஆகவே அன்றே வீட்டில் முழுக் கோப்பையும் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வெட்டி ஒட்டிய 10 நொடித் துண்டு வழக்குக்கு உதவாது. நீங்கள் அதற்கு முந்தைய ரோபாட்டில் சிவப்பில் போனதும் அதே கோப்பில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (உம்லாங்கா): ஹெல்மெட் கட்டாயமா? என்2 சாலையில் ஓரமாக ஓட்டலாமா?

பதில்: கட்டாயம், தாடை வாரையும் பூட்டியிருக்க வேண்டும். என்2 போன்ற ஃப்ரீவேயில் (அதிவேக நெடுஞ்சாலையில்) சைக்கிளுக்கு அனுமதியே இல்லை, ஓரத்திலும் சேர்த்துத்தான். எம்4 சாலையிலும் ஃப்ரீவே தொடங்கும் பலகை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

கேள்வி (ஐசிபிங்கோ): சைக்கிளுக்குப் பின்னால் போகும்போது ஹூட்டர் அடிக்கலாமா, கூடாதா? அடித்தால் திட்டுகிறார்கள், அடிக்காவிட்டால் சத்தமில்லாமல் வந்ததாகத் திட்டுகிறார்கள்.

பதில்: பாதுகாப்புக்காக மட்டுமே ஹூட்டர் என்பது சட்டம். எரிச்சலைச் சொல்ல அல்ல. நடப்பில் தூரம்தான் எல்லாம். நெருங்கிப் பக்கத்தில் வந்து அடித்தால் சைக்கிள்காரர் துள்ளுவார், துள்ளும்போது தலை திரும்பும் பக்கமே கைப்பிடியும் திரும்பும். பெரும்பாலும் அது வலப்பக்கம், அதாவது உங்கள் பக்கம். 40, 50 மீட்டர் இருக்கும்போதே விரலால் ஒரு சின்னத் தட்டு போதும். அவர் தலையை லேசாக அசைத்தால் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். பிறகு அடிக்கத் தேவையில்லை, எதிர்ப்புறம் காலியானதும் தாண்டுங்கள். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் அந்தத் தட்டு அவர் காதில் விழாது, அசைவும் வராது. அப்போது பின்னாலேயே வாருங்கள். தாண்டிய பிறகு உடனே இடப்பக்கம் வெட்டாமல், உங்கள் உள்கண்ணாடியில் சைக்கிள்காரர் முழுசாகத் தெரிந்ததும் தடத்துக்குத் திரும்புங்கள். டிரெய்லர் இழுக்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு நொடி கூட.